அடங்குவதும் அடக்குவதும்

"எங்கட சனம் சொன்னால் கேளாது." கொரோனாக் காலத்தில், 2020-க்கும் 2022-க்கும் இடையில், வன்னியில் அதிகம் சொல்லப்பட்ட வாக்கியங்களுள் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். சங்கக்கடை வாசலில் முண்டியடித்தவர்களைப் பார்த்துச் சொன்னார்கள். முகக்கவசத்தை நாடியில் தொங்கவிட்டுக்கொண்டு மீன் விலை கேட்டவரைப் பார்த்துச் சொன்னார்கள். கலியாணத்துக்கு ஐம்பது பேர் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பந்தி பந்தியாகப் பிரித்து இருநூறு பேருக்கு இலை போட்ட வீட்டைப் பார்த்துச் சொன்னார்கள். இப்படிச் சொன்னவர்களை வெறும் சிடுமூஞ்சிகள் என்று தள்ளிவிட முடியாது. படுக்கையில் கிடக்கும் தாயை வீட்டில் வைத்திருந்தவர்களும், நீரிழிவும் இழுப்பும் உள்ளவர்களும், நாள் முழுதும் காய்ச்சல்காரர் நடுவில் நின்று வேலை செய்த தாதியரும்தான் அதிகம் சொன்னார்கள். அடுத்தவரின் அலட்சியத்துக்குத் தங்கள் உயிரால் விலை கொடுக்க நேருமோ என்ற பயம் அந்தக் கோபத்துக்குள் இருந்தது. அது நியாயமான கோபம். ஆனால் அது சொன்ன காரணம் பிழையானது என்பதே இக்கட்டுரையின் வாதம். நம் மக்கள் கட்டுப்பாடு அறியாதவர்கள் அல்லர். கட்டுப்பாட்டை வெளியிலிருந்து வரும் ஒன்றாகவே நீண்ட காலம் அனுபவித்தவர்கள். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்காமல் அடுத்த கொள்ளைநோயை நாம் எதிர்கொள்ள முடியாது.

இதை யோசிக்கப் பளை பொருத்தமான இடம். நிலத்தால் பளை ஆனையிறவுக்கு வடக்கே, குடாநாட்டின் கழுத்தில் இருக்கிறது. நிர்வாகத்தால் அது பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகத்தின் கீழ், கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. கண்டி வீதியில் வடக்கே போனால் முகமாலையைக் கடந்ததும் எழுதுமட்டுவாளில் யாழ்ப்பாண மாவட்டம் தொடங்கிவிடும். கொடிகாமமும் சாவகச்சேரியும் பளைக்காரருக்கு அயல் சந்தைகள். 2020 மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. சில நாட்களில் யாழ்ப்பாணம் அதிக அபாயமுள்ள மாவட்டங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டு, ஏப்ரலின் பெரும்பகுதி மூடியே கிடந்தது. கிளிநொச்சியில் இடையிடையே சில மணி நேரம் தளர்வு கிடைத்தது. மாவட்ட எல்லையைக் கடக்க அனுமதி வேண்டியிருந்தது. தேங்காயும் மீனும் உறவும் காலங்காலமாகப் போய்வந்த பாதை, வரைபடத்தில் உள்ள ஒரு கோட்டில் நின்றுபோனது. அந்தக் கோட்டுக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்த பின், 2009 சனவரி வரை முகமாலைதான் போர்முனை. 2002 சமாதானத்தில் திறந்த பாதை 2006 ஓகஸ்ட் 11 அன்று அதே இடத்தில் மூடப்பட்டது. கண்ணிவெடி அகற்றுவோர் அங்கே ஆண்டுக்கணக்காகத் தவழ்ந்து வேலை செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட எல்லையில் "திரும்பிப் போ" என்று சொல்லப்படும் சொல், வேறு ஊரில் ஒலிப்பதைப்போல இங்கே ஒலிக்காது.

ஊரடங்கு என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அடங்கு என்பது தன்வினை. மழை அடங்குகிறது, அழுத பிள்ளை அடங்குகிறது, ஊர் அடங்கிய சாமத்தில் நாய் குரைக்கிறது. யாரும் கட்டளையிடாமல், தன் பாட்டில், ஒன்று அமைதிக்கு வருவதை அந்த வினை குறிக்கிறது. அடக்கு என்பது பிறவினை. ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது அது. நாம் பேசும் சொல் ஊரடங்கு. நாம் அனுபவித்ததோ ஊரை அடக்குதல். 1987 ஒக்டோபரில் இந்தியப் படை நடவடிக்கையின்போது யாழ்ப்பாணம் அறிந்த ஊரடங்கும், 2006 ஓகஸ்டில் பாதை மூடப்பட்டதும் வந்த ஊரடங்கும் ஊர் தானாக அடங்கியவை அல்ல. இரண்டு தரப்பிடமும் பாஸ் கேட்டு நின்ற காலங்களும் அப்படியே. வன்னியை விட்டு வெளியேறப் புலிகளிடம் அனுமதி வேண்டியிருந்தது. குடாநாட்டை விட்டு வெளியேறப் படையினரிடம் அனுமதி வேண்டியிருந்தது. இத்தனை ஆண்டுகளில் ஒரு சமூகம் கற்றுக்கொண்ட பாடம் எளிமையானது: விதி என்பது துவக்குடன் நிற்பவரின் பக்கத்திலிருந்து வருவது, அவர் பார்க்கும்போது பணிவது, பார்க்காதபோது வாழ்வது. அந்தப் பாடம் போரில் உயிரைக் காத்தது. கொள்ளைநோயில் அதே பாடம் உயிரை எடுத்தது. கிருமி பரவுவது பெரும்பாலும் யாரும் பார்க்காத இடத்தில்தான்: வீட்டு விறாந்தையில், செத்தவீட்டில், பந்தியில்.

சனம் கட்டுப்படாது என்ற தீர்ப்பை நம் சொந்த வரலாறே மறுக்கிறது. பங்கர் வெட்டும்படி எந்தச் சட்டமும் வன்னியில் வீடு வீடாக வந்து மிரட்டவில்லை. கிபிர் போர்விமானம் வரும் என்று தெரிந்தது, வெட்டினார்கள். அதற்கு மேல் தென்னங்குற்றி அடுக்கினார்கள், சத்தம் கேட்டதும் பிள்ளைகளோடு அயல்வீட்டுக் கிழவியையும் இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். மலேரியாவை எடுத்துக்கொள்வோம். வடக்கில் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே மலேரியாத் தடுப்பு வேலையும் நடந்தது. மருந்து விசிறுபவரைப் படுக்கையறை வரை உள்ளே விட வேண்டும், காய்ச்சல் கண்டால் இரத்தம் குத்திக் காட்ட வேண்டும், வலைக்குள் படுக்க வேண்டும். இவற்றில் எதையும் பொலிஸ் நின்று செய்விக்க முடியாது. 2012-க்குப் பிறகு உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லை என்ற நிலை வந்து, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த வெற்றியில் வன்னிக் குடிசைகளின் பங்கு சிறியதல்ல. போலியோ சொட்டு மருந்துக்காக இரண்டு தரப்பும் துவக்கை நிறுத்திவைத்த நாட்களில், தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அண்மைய சான்று இன்னும் வலுவானது. 2021-இல் கொரோனாத் தடுப்பூசி வந்தபோது அதைப் போட்டேயாக வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் ஏதும் இல்லாமலே வரிசைகள் நீண்டன. ஆண்டு முடிவதற்குள் நாட்டு மக்களில் அறுபது வீதத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு ஊசிகளையும் போட்டிருந்தார்கள். முகக்கவசத்தை நாடியில் தொங்கவிட்டவரும் இந்த வரிசையில் வெயிலில் நின்றவரும் வேறு வேறு சனம் அல்ல.

தொற்றுக்கு ஒதுங்குதலும் நமக்குப் புதிதல்ல. கொப்புளிப்பான் வந்த வீட்டை ஊர் அம்மாள் வருத்த வீடு என்று சொன்னது. படலையில் வேப்பிலைக் கொத்துத் தொங்கியது. அந்த வீட்டார் கோயிலுக்கும் கொண்டாட்டத்துக்கும் போகவில்லை, மற்றவரும் உள்ளே போகவில்லை, தண்ணீர் வார்க்கும் நாள் வரை இரு பக்கமும் பொறுத்தன. இளநீரும் சாமானும் படலை வரை வந்தன. வேப்பிலை நோயாளியைக் குற்றவாளி ஆக்கவில்லை. அம்மாள் வந்திருக்கிறாள் என்று மரியாதையோடு சொல்லியது. 2020-இல் சுகாதாரத் துறையினர் தனிமைப்படுத்திய வீடுகளின் வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள். செய்தி ஒன்றுதான்: உள்ளே போகாதே. ஆனால் அந்தக் கடதாசியைப் பார்த்தவர்கள் வீட்டையல்ல, வீட்டுக்காரரைத் தவிர்த்தார்கள். நோயை மறைத்தால் தப்பலாம் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. இலேசான காய்ச்சலுக்குப் பனடோலைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவரின் மனதில் கிருமியைவிட அந்தக் கடதாசியும், தன்னை ஏற்றிப்போக வரும் பஸ்ஸும்தான் பெரிய பயமாக இருந்தன. தனிமைப்படுத்தல் நிலையங்கள் பலவற்றை இராணுவம் நடத்தியது. கொரோனாத் தடுப்புக்கான தேசியச் செயல்பாட்டு மையத்துக்கே இராணுவத் தளபதி தலைமை தாங்கினார். 2009-இல் செட்டிகுளத்து முகாம்களின் கம்பிக்குள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் அடைபட்டிருந்த அனுபவம் உள்ள சமூகத்தை, பதினொரு ஆண்டுகளுக்குள் மறுபடியும் இராணுவ வாகனத்தில் ஏறச் சொன்னால், அது சுகாதார நடவடிக்கை என்று புரியவைக்கப் பேச்சும் பொறுமையும் வேண்டும். அந்தப் பேச்சு நடக்கவில்லை.

விதி மேலே எப்படி வளைந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2020 ஊரடங்கில் விதி மீறியதாக நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அந்த ஊரடங்குக்கே முறையான சட்ட அடிப்படை உண்டா என்று சட்டத்தரணிகள் அப்போதே கேட்டார்கள். அதே ஆண்டு மே மாதக் கடைசியில் ஓர் அமைச்சரின் இறுதி ஊர்வலத்துக்கு மலையகத்தில் பெருங்கூட்டம் திரண்டது. மே 18 முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்கு வடக்கில் தொற்றைக் காட்டித் தடைகள் வந்தன. மறுநாள் மே 19 அன்று தலைநகரை அண்டிப் போர்வெற்றி நிகழ்வு நாட்டுத் தலைவரின் முன்னிலையில் நடந்தது. 2021 மே நடுப்பகுதியில், புதுக்குடியிருப்பில் ஆடைத் தொழிலாளரிடையே தொற்றுப் பரவியதைக் காரணம் சொல்லி முல்லைத்தீவின் சில பகுதிகள் மூடப்பட்டன. தொற்று உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் மே 18-க்கு முந்தைய நாள் வந்த அந்த அடைப்பை முள்ளிவாய்க்காலில் உறவைப் பறிகொடுத்தவர் எப்படிச் சுகாதார விதி என்று மட்டும் படிப்பார்? பயணத்தடை நாட்களில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கலாம், நாட்கூலிக்காரர் வீட்டில் இருக்க வேண்டும் என்றால், கிருமி தொழிலைப் பார்த்தா தொற்றுகிறது என்ற கேள்வி எழத்தானே செய்யும்? 2020 டிசெம்பரில் கேகாலையில், கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு நாட்டு மருந்துப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். சுகாதார அமைச்சரே அதை அருந்திக் காட்டியிருந்தார்.

எல்லாவற்றிலும் கொடியது பிணத்தின் மீது விதிக்கப்பட்ட விதி. 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரிக்கச் சொன்னது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், முஸ்லிம் மக்களின் மன்றாட்டத்துக்கு ஏறத்தாழ பத்து மாதம் செவி சாய்க்கப்படவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில் அது நீக்கப்பட்டதும், அடக்கம் செய்ய முதலில் சுட்டப்பட்ட இடம் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு. 1992-இல் இடம்பெயர்ந்து, 2018-இல்தான் மீண்டும் மண் மிதித்த கடற்றொழிலாளரின் தீவு அது. அவர்களைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவை அவர்கள் எதிர்த்தார்கள். பிறகு ஓட்டமாவடி தெரிவானது. விஞ்ஞானத்தின் பெயரில் வந்த ஒரு விதிக்கு விஞ்ஞானம் இல்லை என்று ஊர் கண்டுகொண்டால், அதே வாயிலிருந்து வரும் உண்மையான விதியையும் ஊர் சந்தேகிக்கும். முகக்கவசம் அணிவதும் இடைவெளி விடுவதும் சரியான அறிவுரைகள்தாம். தவறான விதிகளோடு ஒரே கட்டில் கட்டித் தரப்பட்டதால் அவையும் மதிப்பிழந்தன.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2020 மே மாதம், பிரித்தானியப் பிரதமரின் முதன்மை ஆலோசகர் முடக்க காலத்தில் லண்டனிலிருந்து டர்ஹாமுக்குப் பயணம் செய்தது வெளிப்பட்டது. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் அந்த நாட்களில் மக்களிடம் திரட்டிய பதில்களை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அச்செய்தியை ஒட்டி இங்கிலாந்தில் அரசின் மீதான நம்பிக்கை சரிந்திருந்தது. தமக்கென வேறு அரசுகள் உள்ள ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் அவ்வாறான சரிவு காணப்படவில்லை. இதன் மறுபக்கத்தைத் தமிழ்நாடு கண்டது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடையைக் குறித்த நேரத்துக்கு மேல் திறந்துவைத்ததாகச் சொல்லி ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் பொலிஸ் பிடித்துச் சென்றது. சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். ஒன்பது பொலிஸார் மீது சிபிஐ கொலைக் குற்றம் சாட்டியது. மேலே இருப்பவருக்கு விதி வளைந்தபோதும், கீழே இருப்பவர் மீது அது தடியாக இறங்கியபோதும் விளைவு ஒன்றே. இந்த விதி என் உயிருக்காக வந்தது என்ற நம்பிக்கை போய்விடுகிறது. அது போன பிறகு மிஞ்சுவது பிடிபடாமல் இருக்கும் கெட்டித்தனம் மட்டும்.

வயிற்றையும் மறக்கக்கூடாது. பச்சிலைப்பள்ளியில் தேங்காய் உரிப்பவருக்கும் கிளாலிக் கடல்நீரேரியில் வலை போடுபவருக்கும் மேசன் வேலைக்குப் போகிறவருக்கும் வீட்டில் இருப்பது என்றால் அன்றைய வரும்படி இல்லை என்றே பொருள். வறிய குடும்பங்களுக்கு 2020 ஏப்ரலிலும் மேயிலும் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். 2021 ஓகஸ்ட் 20 தொடங்கி ஒக்டோபர் 1 வரை நீண்ட முடக்கத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் உதவி அறிவித்தார்கள். ஆறு கிழமைக்கு இரண்டாயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் குடும்பத்தை எவராலும் கற்பனை செய்ய முடியாது. நேர ஒழுங்கும் அப்படித்தான். பல நாள் மூடி, சில மணி நேரம் திறந்தால், முழு ஊரும் அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரே சந்தையில் நிற்கும். முண்டியடித்தது சனத்தின் குணம் என்றார்கள். முண்டியடிக்கும்படி நேரத்தைச் சுருக்கியது விதி.

இங்கே வலுவான ஒரு மறுப்பு வரும். கடுமைதானே காப்பாற்றியது? 2020 ஜூன் இறுதியில் ஊரடங்கு முற்றாக நீங்கியபோது நாடு முழுவதும் கொரோனாவால் இறந்தவர்கள் 11 பேர் மட்டுமே. 2021 ஏப்ரல் புத்தாண்டுக்குப் பெரிய தடையில்லாமல் விட்டார்கள். அந்த மாத முடிவில் எழுநூறுக்கும் குறைவாக இருந்த மரணத் தொகை, ஆண்டு முடிவில் ஏறத்தாழ 15,000 ஆனது. தளர்வு கொன்றது, இறுக்கம் காத்தது என்று எண்கள் சொல்லவில்லையா? இந்த மறுப்பை நேர்மையாக ஏற்கவேண்டும். முதல் அலையில் ஊரடங்கு பல உயிர்களைக் காத்தது. திரிபடைந்த கிருமியின் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றாலும், தளர்வின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் அதே எண்களுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மூன்று மாத இறுக்கம் தனக்குப் பின்னால் எந்தப் பழக்கத்தையும் விட்டுச்செல்லவில்லை. பொலிஸ் வீதியை விட்டுப் போனதும் விதியும் கூடவே போய்விட்டது. எந்த நாட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஊரைப் பூட்டிவைக்க முடியாது. அடக்குதல் சில கிழமைக்கான அவசர மருந்து. அந்தக் கிழமைகளுக்குள் ஊர் தானாக அடங்கக் கற்பிப்பதே அதன் பயனாக இருந்திருக்க வேண்டும். கிடைத்த அவகாசத்தைக் கைதுகளை எண்ணுவதில் கழித்தோம்.

அடுத்த மறுப்பு அறம் சார்ந்தது. எல்லாப் பழியையும் அரசின் மீது போட்டு, இருநூறு பேருக்கு இலை போட்ட வீட்டை விடுவிக்கிறாயா? இல்லை. அரசு நம்பிக்கைத் துரோகம் செய்தது என்பது அரசோடு எனக்குள்ள கணக்கு. அந்தக் கணக்கைத் தீர்க்க அயல்வீட்டு ஆச்சியின் நெஞ்சை ஈடு வைக்க எனக்கு உரிமை இல்லை. பங்கருக்குள் இறங்கும்போது, குண்டு போடுபவன் அநியாயக்காரன் என்பதற்காக யாரும் வெளியே நின்று எதிர்ப்புக் காட்டவில்லை. 2021 பெப்ரவரியில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரை நடந்த பேரணியைத் தொற்றைக் காட்டித் தடுக்க முயன்றபோது நாம் கோபப்பட்டோம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் நெருக்கமாய்த் திரண்ட கூட்டத்தில் கிருமி அரசியல் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. நம்முடைய நியாயமான கூட்டமும் கிருமிக்குக் கூட்டமே. இதை நமக்குள் சொல்லிக்கொள்ளாவிட்டால், மேலே இருப்பவரின் இரட்டை நியாயத்தைச் சுட்டும் தகுதி நமக்கும் குறையும். அந்த ஆண்டுப் பயணத்தடைக்குள் வந்த வற்றாப்பளைப் பொங்கல் வழமையான சனக்கடல் இல்லாமலே நடந்து முடிந்தது. கண்ணகை அம்மனுக்கான அந்தப் பொங்கல் வன்னியின் மிகப் பெரிய நிகழ்வுகளுள் ஒன்று. அந்த ஒதுங்கலைச் சனம் தாங்கிக்கொண்டது என்பது, கலியாணப் பந்தியிலும் தாங்கியிருக்கலாம் என்பதற்குச் சான்று.

மூன்றாவது மறுப்பு மிகக் கூர்மையானது. வேப்பிலையைப் புகழ்கிறாய். ஆனால் ஒதுங்குதல், துடக்கு, தீட்டு என்ற இதே சொற்களால்தான் இந்தச் சமூகம் தலைமுறைகளாக மனிதரைக் கிணற்றிலிருந்தும் கோயிலிலிருந்தும் விலக்கிவைத்தது. ஊர் தானாக விதி செய்தால் அந்த விதி யாருக்காக இருக்கும்? இந்த எச்சரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஊரின் விதி என்பதாலேயே அது நல்ல விதி ஆகாது. அம்மாள் வருத்தத்தின் ஒதுங்கலுக்கும் சாதித் தீட்டின் ஒதுக்கலுக்கும் இடையிலும் தன்வினை, பிறவினை என்ற அதே இலக்கணம் நிற்கிறது. முன்னதில் எந்த வீட்டுக்கும் முறை வரும், நாள் முடியும், ஒதுங்கியவருக்குச் சோறு வரும். பின்னதில் ஒரு பகுதியினரே என்றும் வெளியே, முடிவு நாள் இல்லை, ஒதுக்கியவருக்கே இலாபம். கொள்ளைநோய்க் கால விதி ஒவ்வொன்றையும் இந்தக் கேள்விகளால் உரசிப் பார்க்கலாம். இது எல்லோருக்கும் ஒன்றா? இதற்கு முடிவு நாள் உண்டா? ஒதுங்குபவரின் அடுப்பு எரிய வழி உண்டா? இவற்றுக்கு ஆம் என்று சொல்லும் விதியைக் காக்கப் பொலிஸ் அதிகம் தேவைப்படாது.

ஆகவே வேலை அடுத்த கொள்ளைநோய் வருவதற்கு முன் தொடங்க வேண்டும். அதற்கான ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். கர்ப்பிணி வீட்டுப் படலையைத் தட்டும் குடும்பநல உத்தியோகத்தரையும், கிணற்றுக்குக் குளோரின் போட வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் ஊர் பெயர் சொல்லி அறியும். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் கோயில் நிர்வாகமும் பங்குச் சபையும் இருக்கின்றன. கட்டளை தலைநகரிலிருந்து வந்தாலும், காரணத்தை இவர்கள் சொல்ல வேண்டும், ஒழுங்கை இவர்களோடு சேர்ந்து வகுக்க வேண்டும். சந்தையை எத்தனை இடமாகப் பிரிப்பது, செத்தவீட்டில் யார் யார் நிற்பது, ஒதுங்கிய வீட்டுக்குச் சாமான் யார் கொண்டுபோவது என்பவை பளையில் முடிவாக வேண்டிய விடயங்கள்.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய நோய் வரக் காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு மாரியும் டெங்கு வருகிறது. தென்னந்தோப்புகள் நிறைந்த இந்த மண்ணில் மழைக்குப் பிறகு ஒவ்வொரு சிரட்டையும் ஒரு சின்னக் கிணறு. எல்லா வளவுக்குள்ளும் புகுந்து சிரட்டை கவிழ்க்க எந்த அரசிடமும் அத்தனை பொலிஸ் இல்லை. என் வளவுச் சிரட்டையில் பெருகும் நுளம்பு வேலிக்கு அப்பால் தூங்கும் பிள்ளையைக் கடிக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் பார்க்காத ஒரு காலையில் குனிந்து அதைக் கவிழ்க்கிறேனா என்பதில்தான் இந்த ஊர் அடங்கக் கற்றுக்கொண்டதா என்பது தெரியவரும்.